‘இதர’ என்ற கட்டத்தில் பதினான்கு வண்டிகள்

புதிதாக இந்தத் தொழிலுக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, “நீங்க போட்ட சார்ஜர் எத்தனை கிலோவாட் சார்?” என்பதுதான். அறுபது என்றால் முகம் மலர்கிறது. முப்பது என்றால் அனுதாபப்படுகிறார்கள். நான் போட்டதிலேயே உருப்படியானது மூன்று கிலோவாட் என்று சொன்னால், பெரியவருக்கு ஞாபகம் பிசகுகிறது என்று முடிவு கட்டி, “ஊருக்கெல்லாம் போறீங்களா சார்?” என்று பேச்சை மாற்றுகிறார்கள். ஆகவே அந்த மூன்று கிலோவாட்டைப் பற்றி எழுதியே வைத்துவிடுகிறேன். சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் ஹைதராபாத்துக்கு வந்து மின்வண்டி சார்ஜிங் நிறுவனங்களில் சேர்ந்திருக்கும் உங்களுக்கு இது பயன்படலாம். பயன்படாவிட்டாலும் ஒரு கிழவன் அசடு வழிந்ததைப் படித்த திருப்தி கிடைக்கும்.

முப்பத்து நான்கு வருடம் காஞ்சன்பாகில் ஒரு பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையின் மின்பிரிவில் இருந்தேன். அங்கே ஒரு பல்பை மாற்ற ஒரு படிவம் உண்டு. மாற்றிய பல்ப் எரிகிறது என்று சான்றளிக்க இன்னொரு படிவம். எரிவதைக் கண்ணால் பார்த்தால் போதாதா என்று சேர்ந்த புதிதில் கேட்டேன். பத்து வருடத்தில் அந்தக் கேள்வியை என்னிடம் கேட்கிறவர்களை முறைக்கும் ஆளாகிவிட்டேன். ஓய்வு பெற்று மல்காஜ்கிரி ஃப்ளாட்டுக்குக் குடிவந்த மூன்றாம் மாதம், நகரத்துச் சார்ஜிங் நிறுவனம் ஒன்று என்னை ஆலோசகராக அழைத்தது. விதிமுறை தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். ஏதாவது தவறாகப் போனால் கையெழுத்தைக் காட்ட ஒரு நரைத்த தலை வேண்டும் என்பதே அதன் பொருள் என்று பின்னால் புரிந்துகொண்டேன்.

என் முதல் வேலை, நகரத்திலிருந்து மூன்று மணி நேரப் பயணத்தில் இருக்கும் ஒரு சிற்றூரில் பொதுச் சார்ஜிங் நிலையம் அமைப்பது. பெயர் வேண்டாம். நெடுஞ்சாலையிலிருந்து பதினெட்டு கிலோமீட்டர் உள்ளே தள்ளி, சுற்றிலும் நெல்வயல், நடுவில் ஒரு கடைத்தெரு, ஒரு அரிசி ஆலை, ஒரு பேருந்து நிறுத்தம். அவ்வளவுதான் ஊர்.

கணக்கெடுப்புப் படிவத்தை நானே தயாரித்தேன். நாற்பத்திரண்டு கட்டங்கள். மின்சாரக் கார் எத்தனை, எந்த நிறுவனத்துக் கார், எந்த வகைப் பிளக், கடந்துபோகும் கார் எத்தனை, நிறுத்த இடம் எத்தனை சதுர மீட்டர். எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. கடைசியில், தாளில் இடம் மிச்சமிருந்ததால், ‘இதர’ என்று ஒரு கட்டம் போட்டேன்.

படிவம் நிரம்பி வந்தது. மின்சாரக் கார்: இல்லை. இதர: பதினான்கு.

அந்தப் பதினான்கு என்ன என்று நான் கேட்கவில்லை. வேறு யாரும் கேட்கவில்லை. கார் இல்லாத ஊரில் சார்ஜர் வந்தால் கார் வரும் என்று எங்கள் அலுவலகத்தில் ஒரு அழகான வரைபடம் இருந்தது. அதன்படி அறுபது கிலோவாட் வேகச் சார்ஜர் ஒன்று ஒதுக்கப்பட்டது. ஆளுயர அலமாரி போன்ற அந்த இயந்திரத்தின் தடித்த கேபிள் கார்களுக்கு மட்டுமே பொருந்தும். அலமாரிக்குள்ளே ஒரு மூலையில், பழுது பார்க்க வருகிறவர் தன் கருவிகளைச் சொருகிக்கொள்ள ஒரு சாதாரண பதினைந்து ஆம்பியர் பிளக். நம் வீட்டில் ஏ.சி.க்கு இருக்குமே, அதே. ‘இந்தப் பிளக்கில் எந்த வாடிக்கையாளர் வண்டியையும் இணைக்கக் கூடாது’ என்று கையேட்டில் எழுதியவன் நான். தடித்த எழுத்தில் போடச் சொன்னதும் நான்தான்.

எனக்குத் துணையாகத் திட்ட மேலாளர் பிரபு இருந்தார். கோயம்புத்தூர்க்காரர், முப்பது வயது, இது அவருடைய முதல் பொறுப்பு. நல்ல பையன். இரண்டு போன்களிலும் ஒரே நேரத்தில் பணிவாகப் பேசக்கூடியவர்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை அந்த ஊருக்குப் போய் மின்னழுத்தம் அளந்தேன். இரண்டு மணி நேரம் முள் அசையவில்லை. அந்த ஊர் லைன்மேன் கூட நின்று பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் வயதுகூட இருக்காது. இந்தத் தொழிலில் எனக்கு வாய்த்த கடைசி ஆசான் அவர்தான் என்பது அன்றைக்கு எனக்குத் தெரியாது, அவருக்கும் தெரியாது.

“எப்படி இருக்கு சார் வோல்டேஜ்?” என்றார்.

“பிரமாதம்.”

“ஞாயித்துக்கிழமை அது பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி சார். அடக்கமா உக்காந்திருக்கும். வேலைநாள் காலையில பத்து மணிக்கு வந்து பாருங்க. நிஜமான குணம் தெரியும்.”

நாங்கள் பேசியது தெலுங்கில். அதில் இந்தக் கிண்டல் இன்னும் கூர்மையாக இருந்தது. நான் சிரித்துவிட்டு, படிவத்தில் ‘திருப்தி’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். எந்த நாள், எந்த நேரம் அளக்க வேண்டும் என்று படிவம் சொல்லவில்லை. படிவத்தை எழுதியது யார் என்று மறுபடி நினைவூட்ட வேண்டியதில்லை.

அடுத்து, எங்களுடைய புது டிரான்ஸ்ஃபார்மரை ஊருக்கு வரும் பெரிய லைனோடு இணைக்க வேண்டும். அதற்கு ஊர் முழுக்க மின்சாரத்தை நிறுத்த வேண்டும். பகலில் நிறுத்தினால் கடைக்காரர்கள் சண்டைக்கு வருவார்கள் என்றார் பிரபு. நான் அனுபவசாலி அல்லவா, உடனே வழி சொன்னேன். “ராத்திரி நிறுத்துவோம். ஜனவரிக் குளிர், ஃபேன்கூட வேண்டாம். தூங்குறவங்களுக்கு மின்சாரம் எதுக்கு? யாருக்கும் தொந்தரவு இல்லை.”

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசியுங்கள். மின்வண்டிகளுக்குச் சார்ஜிங் நிலையம் கட்ட வந்தவன், ராத்திரியில் யாருக்கும் மின்சாரம் வேண்டாம் என்று முடிவு செய்கிறான். வண்டிகள் பகலெல்லாம் ஓடி ராத்திரிதான் சார்ஜ் ஏறும் என்பது எனக்குப் புத்தகத்தில் தெரியும். அந்த வருடம் அதைப் பற்றி இரண்டு கருத்தரங்குகளில் பேசியும் இருந்தேன். தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருடம் ‘ராத்திரி நிறுத்தினால் பாதிப்பில்லை’ என்று எழுதிய கை அதே வரியைத் தானாக எழுதிவிட்டது. உங்களுக்கும் ஒரு நாள் இது நடக்கும். தெரியாததால் வரும் தவறு சின்னது. தெரிந்தும் கை பழக்கத்தில் செய்வதுதான் பெரியது.

திறப்பு விழா ஒரு வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு. மாவட்ட அதிகாரி அம்மையார் வந்து ரிப்பன் வெட்டுவதாக ஏற்பாடு. முந்தைய இரவு மின்சாரம் நிறுத்தினோம். காலை ஆறுக்கு முடிய வேண்டிய இணைப்பு வேலை ஒன்பதரைக்கு முடிந்தது. லைன்மேன் ஸ்விட்சைப் போட்டார். எங்கள் சார்ஜரில் பச்சை விளக்கு எரிந்தது. பிரபு கைதட்டினார். அதே நொடியில் கடைத்தெருப் பக்கம் ‘டப்’ என்று ஒரு சத்தம்.

ஊருக்கான பழைய டிரான்ஸ்ஃபார்மர் போய்விட்டது. இரவெல்லாம் இல்லாமல் திடீரென்று வந்த மின்சாரத்தில் எல்லா வீட்டு மோட்டாரும் ஹீட்டரும் ஒன்றாக விழித்துக்கொண்டதை அதனால் தாங்க முடியவில்லை. ஃபியூஸ் என்றால் பத்து நிமிட வேலை. இதற்கு வேறு டிரான்ஸ்ஃபார்மர் லாரியில் வர வேண்டும். மதியம் ஆகும் என்றார் லைன்மேன். அந்த நிமிடம் ஊரிலேயே மின்சாரம் உயிரோடு இருந்த ஒரே இடம் எங்கள் நிலையம்தான்.

உயிர் என்று சொல்வதும் கொஞ்சம் மிகை. விழாவில் காட்டுவதற்காக ஹைதராபாத்திலிருந்து ஒரு மின்சாரக் கார் கொண்டுவந்திருந்தோம். சார்ஜ் ஏறுவது கண்ணுக்குப் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று, வரும் வழியில் வேண்டுமென்றே சுற்றிச் சுற்றி ஓட்டிப் பேட்டரியை எட்டு சதவீதத்துக்குக் காலி செய்திருந்தார்கள். பிரபுவின் யோசனை. நான் தலையாட்டினேன். அந்தக் காரை வேகச் சார்ஜரில் இணைத்தோம். சார்ஜர் ஒரு முறை முனகியது. ‘உள்ளீட்டு மின்னழுத்தம் குறைவு’ என்று திரையில் எழுதிக் காட்டிவிட்டுக் கைவிரித்தது. மறுபடி இணைத்தோம். மறுபடி கைவிரித்தது.

லைன்மேன் வயல்வெளியைக் காட்டினார். “நடவு சீசன் சார். சுத்துப்பட்டு ஊர் பம்ப் எல்லாத்துலயும் ஆட்டோ ஸ்டார்ட்டர் இருக்கு. கரெண்ட் வந்ததும் அத்தனையும் தானா ஓட ஆரம்பிச்சிருக்கும். ராத்திரி பாயாத தண்ணியை இப்பப் பாய்ச்சுறாங்க. மத்தியானம் வரைக்கும் இதுதான் வோல்டேஜ்.” பிறகு ஒரு மரியாதைக்காகச் சற்று இடைவெளி விட்டு, “மாப்பிள்ளை குணம் தெரிஞ்சுதா சார்?” என்றார்.

அப்போதுதான் யாதம்மா வந்தார்.

நாற்பது வயதுப் பெண்மணி. காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேல் போட்டிருந்தார். தன் மின்சார ஆட்டோவை ஓட்டி வரவில்லை, இறங்கித் தள்ளிக்கொண்டு வந்தார். மிச்சமிருந்த சார்ஜைக் கடைத்தெருவுக்குள்ளேயே செலவழிக்க மனமில்லை. வண்டிக்குள் இரண்டு பேர். ஒருவர் மல்லய்யா, ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். இன்னொருவர் ரஷீதா பேகம், தையல் வேலை செய்கிறவர். அவருடைய பாதங்கள் செருப்புக்குள் அடங்காத அளவு வீங்கியிருந்தன.

“சார்ஜர்காரங்க நீங்கதானா?” என்றார் யாதம்மா. “ராத்திரி கரெண்டை நிறுத்தினது யாரு?”

நான் பிரபுவைப் பார்த்தேன். பிரபு என்னைப் பார்த்தார். “நான்தான்” என்றேன்.

விஷயத்தை அவர் சுருக்கமாகச் சொன்னார். ஊரில் மின்சார ஆட்டோ பதினான்கு. எல்லாம் ராத்திரி அரிசி ஆலைக் கொட்டகையில் இருக்கும் பிளக்குகளில் சார்ஜ் ஏறும். நேற்று ஒன்றும் ஏறவில்லை. இவர் வண்டியில் பன்னிரண்டு சதவீதம்தான் இருக்கிறது. முப்பத்திரண்டு கிலோமீட்டர் தள்ளி அரசு மருத்துவமனையில் இந்த இருவருக்கும் டயாலிசிஸ். ஒரு மணிக்கு அவர்கள் முறை. பதினொன்றரைக்குக் கிளம்பியாக வேண்டும். திங்கட்கிழமை மிஷின் பழுது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். இன்றைக்கும் விட்டால் அடுத்த முறை சனிக்கிழமைதான்.

“சனிக்கிழமை வரைக்கும் இவங்க தாங்கமாட்டாங்கன்னு நர்ஸம்மா சொல்லிட்டாங்க” என்றார். குரலை உயர்த்தவில்லை. ரஷீதா பேகத்தின் காதில் விழாதபடி சொன்னார்.

“டீசல் ஆட்டோ ஏதாவது?”

“எல்லாம் விடியக்காலையிலயே நடவுக்கு ஆள் ஏத்திக்கிட்டுப் போயிடுச்சு. பஸ் எட்டு மணியோட சரி.”

எங்கள் நிறுவன வேன் அதிகாரியின் காருக்கு வழிகாட்டி அழைத்துவர எதிர்த் திசையில் போயிருந்தது. காரில் எட்டு சதவீதம். அதிகாரியின் கார் வந்தால் கேட்கலாம். பதினொரு மணிக்கு வருவதாகச் சொன்ன அதிகாரி எத்தனை மணிக்கு வருவார் என்பதை நம்பி நான் ஒருவருடைய டயாலிசிஸைப் பணயம் வைக்க முடியாது. அரசுப் பணியில் இருந்தவன் நான்.

ஆட்டோவின் சார்ஜரைப் பார்த்தேன். குறைந்த மின்னழுத்தத்தில், மெதுவாகவேனும், வேலை செய்யும் வகை. தேவை ஒரு சாதாரணப் பிளக். ஒரு மணி நேரம் ஏறினால் முப்பது கிலோமீட்டர் ஓடும். திரும்பி வருவதற்கான சார்ஜை மருத்துவமனை எதிரே டயர் கடையில் யாதம்மா ஏற்றிக்கொள்வார். மணி பத்து பத்து.

பிளக் எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பிரபுவுக்கும் தெரியும். அவர் என்னை ஓரமாக அழைத்துப் போனார்.

“சார், நானும் அந்தப் பிளக்கைத்தான் நெனச்சேனுங்க. கார்ல போர்ட்டபிள் கேபிள் இருக்கு. அதுல சொருகிட்டா கார் டிஸ்ப்ளேயில சார்ஜிங்னு ஓடும். போட்டோவுல வேகமா ஏறுதா மெதுவா ஏறுதான்னு யாருக்குத் தெரியப் போகுது? நடுவுல வோல்டேஜ் வந்துட்டா பெரிய கேபிளுக்கு மாத்திக்கலாம்.”

“ஆட்டோவைப் போட்டா?”

“போட்டா நம்ம கார் சும்மா நிக்கும். அதிகாரியம்மா வந்து எதைப் பார்ப்பாங்க? இது என்னோட முதல் ப்ராஜெக்ட் சார்.”

அவர் கெட்டவர் இல்லை. அந்த வயதில் நான் காரைத்தான் சொருகியிருப்பேன். சொருகியதற்குச் சான்றும் எழுதியிருப்பேன்.

ஒரே பிளக், இரண்டு வண்டி. இதில் எதற்கு என்பது எனக்குக் கஷ்டமான கேள்வியாக இல்லை. கஷ்டம் வேறு. அந்தப் பிளக்கைக் கொடுக்கலாமா? அலமாரிக் கதவு திறந்திருந்தால்தான் வயர் வெளியே வரும். உள்ளே ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் ஓடும் செப்புப் பட்டைகள். சுற்றிலும் விழாவுக்கு வந்த கூட்டம், பந்தல் கட்டுகிறவர்கள், தோரணம், தண்ணீர் கேன். அந்தத் தடித்த எழுத்து விதியை நான் சும்மா எழுதவில்லை.

என் பையில் எப்போதும் நாலைந்து ‘விலகல் படிவம்’ இருக்கும். விதியிலிருந்து விலக வேண்டி வந்தால் நிரப்பும் தாள். எடுத்து, ஆட்டோவின் கண்ணாடிக்குக் கீழே வைத்து எழுத ஆரம்பித்தேன்.

மல்லய்யா எட்டிப் பார்த்தார். “யாதம்மா, சார் என்ன எழுதுறாரு?”

“தெரியலை மாமா.”

“டிக்கெட்டா இருக்கும். நானும் நாப்பது வருஷம் கிழிச்சேன். இவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டதில்லை.”

இரண்டு நிமிடம்தான் எடுத்தது. யாதம்மா என்னைப் பார்த்த பார்வைக்கு அது இரண்டு மணி நேரம். ஆனால் அந்தத் தாளில் மூன்று கேள்விகள் உண்டு: எந்த விதி, அது இல்லாவிட்டால் ஆபத்து யாருக்கு, அந்த ஆபத்தை வேறு எப்படித் தடுக்கப் போகிறாய். மூன்றாவதை எழுதும்போதுதான் கை நின்றது. பட்டைகளில் மின்சாரம் இல்லாவிட்டால் ஆபத்து இல்லை. பிளக்குக்குத் தனி இணைப்பு, தனி பாதுகாப்பு ஸ்விட்ச். ஆகவே சார்ஜரின் முதன்மை ஸ்விட்சை அணைத்துப் பூட்டிவிட்டால் கதவைத் திறந்து வைக்கலாம். ஆனால் அணைத்தால், அதிகாரி வரும்போது வோல்டேஜ் சரியானாலும் சார்ஜர் உயிரில்லாமல்தான் நிற்கும். விழாவில் காட்ட ஒன்றுமே இருக்காது.

அந்தப் படிவத்தை முப்பத்து நான்கு வருடம் வெறும் பழக்கத்தில் நிரப்பியவன் நான். அன்றுதான் அதன் அருமை தெரிந்தது. முன்னால் நிரப்பினால் அது யோசனை. பின்னால் நிரப்பினால் வெறும் சாக்கு. நான் அதுவரை நிரப்பியதில் பெரும்பாலானவை இரண்டாவது வகை.

கையெழுத்திட்டேன். முதன்மை ஸ்விட்சை அணைத்துப் பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டேன். பச்சை விளக்கு அணைந்தது. பிரபுவின் முகமும் அணைந்தது. மீட்டரை வைத்துப் பட்டைகளில் ஒன்றுமில்லை என்று உறுதி செய்தேன். எர்த் சரியா என்று பார்த்தேன். பாதுகாப்பு ஸ்விட்சின் சோதனைப் பொத்தானை அமுக்கினேன். அது ஒழுங்காக விழுந்தது, மறுபடி ஏற்றினேன். லைன்மேன் கேட்காமலே தன் கயிற்றை எடுத்து அலமாரியைச் சுற்றிக் கட்டினார். நீங்களும் இப்படிச் செய்யலாம் என்று சொல்ல இதை எழுதவில்லை. இத்தனையையும் செய்ய முடியாவிட்டால் செய்யக் கூடாது என்று சொல்லத்தான் எழுதுகிறேன்.

நிலையத்தின் வாசலில் சிவப்பு ரிப்பன் கட்டியாகிவிட்டது. அதைத் தூக்கிப் பிடித்து ஆட்டோவை உள்ளே தள்ளினோம். தூக்கிப் பிடித்தவர் பிரபு. முகத்தில் சம்மதம் இல்லை, கை மட்டும் பிடித்தது. அதுவே பெரிய விஷயம்.

மணி பத்து இருபத்தைந்து. ஆட்டோவின் திரையில் சின்ன மின்னல் குறி துடிக்க ஆரம்பித்தது. கதவருகே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டேன்.

ரஷீதா பேகம் முதல் தடவையாகப் பேசினார். “கைக்கு இத்னா பரேஷான் சார்? ஹோ ஜாயேகா.”

எதற்கு இவ்வளவு கவலை, ஆகிவிடும் என்கிறார். யார் யாருக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை இது! தேநீர் வேண்டுமா என்று கேட்டேன்.

“நக்கோ, வேண்டாம்” என்று சிரித்தார். “எனக்குத் தண்ணியே அளந்துதான்.”

பதினாறு, இருபத்திரண்டு, முப்பது. அறுபது கிலோவாட்டுக்கு ஏங்கும் உங்களுக்குச் சொல்கிறேன். ஒரு சதவீதம் ஏறுவதை அவ்வளவு கவனமாக நான் பார்த்ததில்லை. எதிர்க்கடையில் பஜ்ஜி போடுகிறவர்கூட வந்து, “இப்ப எத்தனை?” என்று கேட்டுவிட்டுப் போனார். பந்தல்காரர்கள் கேட்டார்கள். பதினொரு மணிக்குப் பிரபுவும் வந்து கேட்டார். முப்பத்தாறு என்றேன். “தேறிடுங்களா சார்?” என்றார். தன் காரைப் பற்றிக் கேட்கவில்லை.

பதினொன்று இருபத்தைந்துக்கு நாற்பத்து நான்கு. போதும் என்றார் யாதம்மா. நான் பிளக்கைப் பிடுங்கி, கதவைப் பூட்டித் திரும்பினால், வாசலில் அதிகாரியின் கார் வந்து நிற்கிறது. பின்னால் நான்கு கார். மாலை, கேமரா, ஒரு தட்டில் கத்தரிக்கோல். அந்த அம்மையார் இறங்கினார். ரிப்பனுக்கு இந்தப் பக்கம் அவர். அந்தப் பக்கம், வெளியே போக வழியில்லாமல், முகப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு ஆட்டோ.

கேமராக்காரர் யாரைப் படமெடுப்பது என்று இருபுறமும் பார்த்தார்.

மல்லய்யா வண்டியிலிருந்து தலையை நீட்டினார். “மேடம், அந்தக் கத்தரி உங்க கையில இருக்கறதுதானே? சட்டுனு வெட்டுங்க. ஒரு மணி ட்ரிப்.”

பிரபு கண்ணை மூடிக்கொண்டார். அம்மையார் ஆட்டோவுக்குள் பார்த்தார். வீங்கிய கால்களைப் பார்த்தார். மருத்துவமனைக் கோப்பு ரஷீதா பேகத்தின் மடியில் இருந்தது. ஒன்றும் கேட்காமல் ரிப்பனை வெட்டினார்.

“ரைட், ரைட்!” என்று மல்லய்யா வண்டியின் தகரத்தில் இரண்டு தட்டுத் தட்டினார். யாதம்மா போய்விட்டார். கூட்டத்தில் பாதிப் பேர் கைதட்டினார்கள். மீதிப் பேர் தேங்காய் எப்போது உடைப்பார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இதற்குமேல் எல்லாம் சுபம் என்று நினைத்தால் உங்களுக்கு அதிகாரிகளைத் தெரியாது. அம்மையார் என் பக்கம் திரும்பினார். “நான் எதைத் திறந்து வச்சேன்?”

“ஒரு பிளக்கை, மேடம்.”

“இந்தப் பெரிய மிஷின்?”

“இப்ப ஓடாது. தப்பு என்னுடையது.” ஞாயிற்றுக்கிழமை அளந்ததையும் ராத்திரி நிறுத்தியதையும் சொன்னேன்.

“இந்த ஊருல மின்சாரக் கார் எத்தனை?”

“இல்லை.”

“ஆட்டோ?”

“பதினாலு.”

“அது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

பொய் சொல்ல வழியிருந்தது. படிவம் என் பையில் இருந்தது. எடுத்துக் காட்டினேன். நாற்பத்திரண்டாவது கட்டம். இதர: பதினான்கு. அவர் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

“பதினாலு வண்டிக்கு ஏன் ஒரே ஒரு பிளக்?” என்று மட்டும் கேட்டுவிட்டுக் காரில் ஏறினார். மேடையேறிப் பேசவில்லை, தேநீர் குடிக்கவில்லை. மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகை, ‘சார்ஜர் படுத்தது, ஆட்டோ கிளம்பியது’ என்று தலைப்புப் போட்டது. அதற்கடுத்த நாள் அலுவலகத்திலிருந்து எனக்கு விளக்கம் கேட்டு ஓலை வந்தது.

விலகல் படிவத்தின் நகலோடு பதில் எழுதினேன். கூடவே, தவறு நடந்தால் அதைத் திருத்தும் நடவடிக்கையையும் முன்மொழிய வேண்டும் என்று எங்கள் விதிமுறையில் ஒரு பத்தி இருக்கிறது. அதை யாரும் படிப்பதில்லை. அந்தப் பத்தியைச் சுட்டிக்காட்டி, திருத்த நடவடிக்கையாக அந்த நிலையத்தின் சுற்றுச்சுவரில் தனித்தனிப் பாதுகாப்போடு ஆறு சாதாரணப் பிளக்குகள், மேலே தகரக் கூரை என்று எழுதினேன். புதிய யோசனை என்று அனுப்பியிருந்தால் இரண்டு வருடம் கூட்டம் போட்டிருப்பார்கள். திருத்த நடவடிக்கையை மறுத்தால் மறுத்தவர் காரணம் எழுத வேண்டும். யாரும் எழுதவில்லை. வரைபடத்தைப் போட்டுக் கொடுத்தவர் பிரபு. பிளக்குகளுக்கு இடையே ஆட்டோ திரும்ப எவ்வளவு இடம் வேண்டும் என்று தானே போய் அளந்து வந்தார், வேலைநாள் காலை பத்து மணிக்கு.

பெரிய சார்ஜரும் வீணாகவில்லை. லைன்மேன் சொன்னபடி, காலை நேரத்தில் பாதி சக்தியில் மட்டும் இழுக்கும்படி அமைத்தோம். இப்போது சமத்தாக வேலை செய்கிறது. மருத்துவமனைக்கும் சந்தைக்கும் போகிற வெளியூர்க் கார்கள் ஒன்றிரண்டு வருகின்றன. ஊர்க்காரர் ஒருவரும் கார் வாங்கியிருக்கிறார். அலுவலகத்து வரைபடம் முழுப் பொய் இல்லை, ஆட்டோக்களைத் தாண்டிக்கொண்டு ஓடிவிட்டது, அவ்வளவுதான். கணக்கெடுப்புப் படிவத்திலும் இப்போது முதல் கட்டம் மூன்று சக்கர வண்டிகளுக்கு. ‘இதர’ இன்னும் கடைசியில் இருக்கிறது, ஆனால் பக்கத்தில் ‘என்னென்ன?’ என்று ஒரு கோடு. அதை நிரப்பாமல் அனுப்பினால் திருப்பி அனுப்பப்படும்.

சரியாக ஒரு வருடம் கழித்து, முழுவதுமாக ஓய்வு பெற்ற பிறகு, லோத்குண்டாவில் இருக்கும் மகளின் மின்சாரக் காரை வாங்கிக்கொண்டு அந்த ஊருக்குப் போனேன். காரணம் ஒன்றும் இல்லை. கட்டியதை ஓடும்போது பார்க்கும் ஆசை பெற்ற பிள்ளையைப் பள்ளிக்கூட வாசலில் எட்டிப் பார்ப்பது போன்றது. பெரிய சார்ஜரில் வேறொரு கார் நின்றது. சுவரோரம் ஐந்து ஆட்டோக்கள். ஒரு பிளக் காலி. போர்ட்டபிள் கேபிளை எடுத்துச் சொருகிவிட்டு நிமிர்ந்தேன்.

“எடுங்க சார்.”

யாதம்மா. பின்னால் ஆட்டோ. உள்ளே மல்லய்யா, ரஷீதா பேகம். பாதத்தில் செருப்பு சரியாகப் பொருந்தியிருந்தது.

“இப்பத்தான் போட்டேன்” என்றேன்.

யாதம்மா சுவரைக் காட்டினார். பெயிண்டில், கோணல் எழுத்தில், தெலுங்கில் ஒரு வரி: ‘முதலில் ஆஸ்பத்திரி வண்டி.’ ஆவண எண் இல்லை, தேதி இல்லை, ஒப்புதல் அளித்தவர் கையெழுத்து இல்லை. ஐந்து ஆட்டோக்காரர்களும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ராத்திரி ஏத்தலையா?”

“ஏத்தினேன். விடியக்காலை ஒரு பிரசவ கேஸ், போயிட்டு வந்துட்டேன். எடுங்க சார், நேரமாகுது.”

“சாருக்கு அவகாசம் குடு யாதம்மா” என்றார் மல்லய்யா உள்ளேயிருந்து. “அவரு படிவம் எழுதணும்.”

நான் கேபிளைப் பிடுங்கிச் சுற்றி வைத்தேன். எதிர்க்கடையில் உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி வாங்கினேன். நான் எழுதிய விதிகளுக்கு ஜனங்கள் கட்டுப்பட்டதை நிறையப் பார்த்திருக்கிறேன், பெரும்பாலும் பயந்துகொண்டு. அவர்கள் எழுதிய விதிக்கு நான் கட்டுப்பட்டது அன்றுதான். பஜ்ஜிகாரர் நடுநடுவே எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்து எனக்குச் சதவீதம் சொன்னார்.

கொஞ்ச நேரத்தில் தகரத்தில் இரண்டு தட்டுச் சத்தம். “ரைட், ரைட்!” பழக்கதோஷத்தில் கடிகாரத்தைப் பார்த்தேன். பதினொன்று இருபது. பத்து நிமிடம் முன்னதாகவே கிளம்பிவிட்டார்கள்.